நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடு: ரவுடிக் கும்பல்களை யூதர்களே எதிர்த்தது எப்படி?

கேள்வி: 1912இல் நியூயார்க் யூதர்களின் சமூக அமைப்பான கெஹிலா தனியாக உளவுப் பிரிவு வைத்திருந்ததாமே? போலீஸ் இருக்க அது எதற்கு?

பதில் 1: போலீஸை நம்ப முடியாததுதான் காரணம். 1912 ஜூலை 16 அன்று சூதாட்ட விடுதிக்காரர் ஹெர்மன் ரோசன்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் லெப்டினன்ட் சார்லஸ் பெக்கர் தன்னிடம் பங்கு வாங்குவதாகப் பத்திரிகையில் சொல்லியிருந்தவர் அவர். அந்தக் கொலை வழக்கில் பெக்கருக்கு 1915இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது (அவர் குற்றவாளிதானா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை).

பதில் 2: கெஹிலாவுக்கான விதை 1908இலேயே விழுந்துவிட்டது. நகரக் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று போலீஸ் கமிஷனர் பிங்ஹாம் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார். மறு ஆண்டே யூத மதகுரு ஜூடா மேக்னஸ் தலைமையில் கெஹிலா உருவானது.

பதில் 3: உளவுப் பிரிவில் முக்கியமாக வேலை செய்தவர் துப்பறிவாளர் ஏப் ஷோன்ஃபெல்ட். சூதாட்ட விடுதி, விபச்சார விடுதி, மதுக்கடை என ஒவ்வொன்றுக்கும் முகவரி, நடத்துபவர், வந்துபோகும் ஆட்கள் என்று அவரும் அவருடைய ஆட்களும் அறிக்கை எழுதுவார்கள். அதை வைத்து நகர நிர்வாகத்தை நெருக்குவார்கள். குதிரைக்கு விஷம் வைப்போம் என்று மிரட்டி வண்டிக்காரர்களிடம் மாமூல் பறித்த கும்பலும் அதில் பதிவாகியிருக்கிறது. பலவீனம் இரண்டு: கைது செய்யும் அதிகாரம் இவர்களுக்கு இருக்கவில்லை. பணமும் மேல்தட்டு ஜெர்மன் யூதர்களின் நன்கொடை. அது வற்றினால் வேலையும் நிற்கும் என்ற நிலைதான் இருந்தது.