'கோப்பைக் காணவில்லை' என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது?

எங்கள் ஊராட்சியில் 2018-இல் போட்ட சாலையின் அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு) நகலைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். 30 நாள் கடந்தும் பதில் இல்லை. 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்தேன். 'கோப்பைக் காணவில்லை' என்று ஒரே வரி வந்தது.

நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்வையிடக் கேட்டும் மறுத்துவிட்டார்கள். தொலைந்துபோனது என்பது, தகவல் தர மறுக்கக்கூடிய காரணங்களைச் சொல்லும் 8-ஆம் பிரிவின் விலக்குகளில் எங்குமே இல்லை! அது மக்கள் பணத்தின் கணக்கு. அப்படியே விட எனக்கு மனமில்லை.

தகவல் ஆணையத்திடம் 19(3)-இன் கீழ் செய்யும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கான 90 நாளில் இன்னும் 3 வாரமே இருக்கிறது. ஒப்புகை அட்டை, உத்தரவு நகல் எல்லாம் கைவசம் உள்ளன.

கோப்பு தொலைந்தது குறித்து விசாரணை நடத்துமாறு 19(3) மேல்முறையீட்டிலேயே கோரலாமா, அல்லது ஆணையத்திடமே 18-ஆம் பிரிவில் தனிப் புகார் கொடுக்க வேண்டுமா?