பாரதி பூங்காவில் பார்த்த பெரியவர்

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாகப் புதுச்சேரி போயிருந்தேன். ஆபீஸ் திறக்க நேரம் இருந்ததால் ஆறரைக்கே பாரதி பூங்காவுக்குப் போய்விட்டேன். சுற்றிலும் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டசபை, அருங்காட்சியகம். கொஞ்சம் நடந்தால் மணக்குள விநாயகர் கோயில், அந்தாண்ட கடல். பூங்கா நடுவில் இருக்கிற வெள்ளை மண்டபத்தை எல்லாரையும் போல நானும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டபத்தின் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது கோயிலா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. ஊருக்குத் தண்ணி குடுத்தவ மண்டபம்."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஆயி ஒரு தாசி. விளக்கேற்றிய அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொன்னார். அவளோ, நானே இடிக்கிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கி, வீடு இருந்த இடத்திலேயே ஊருக்காகக் குளம் வெட்டினாள். இது ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த இடம் மேற்கே இருக்கும் முத்திரையர்பாளையம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்துதான் நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். கதையைக் கேள்விப்பட்டு, ராஜாவுக்குச் சிலை வைக்காமல் அவள் பெயரிலேயே மண்டபம் கட்டினார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். அவ்வளவு பெரிய கோட்டை நின்ற மண்ணில் இன்றைக்கு நிற்பது ஆயியின் பெயர். எனக்கு அது மனதை என்னவோ செய்தது.

பெரியவரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். "வெள்ளக்காரங்க இந்தப் பக்கம், நாங்க அந்தப் பக்கம். எங்க ஆயா இந்த வழியா வந்தா படியத் தொடாம போகாது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

பத்தரை மணிக்கு என் சான்றிதழ் கைக்கு வந்தது. மேலே புதுச்சேரி அரசின் முத்திரை. இதற்கு முன் எத்தனையோ தாளில் பார்த்ததுதான், உற்றுப் பார்த்ததில்லை. அதில் இருப்பது அந்த ஆயி மண்டபம்தான்.