லிக்கியூருக்குத் தமிழ்: ‘நறவம்’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர் பற்றிய பயணக்கட்டுரைக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், நகரின் பழைய பகுதியைக் குறிக்கும் ‘பழநகர்’ என்ற சொல்லுக்கு மறுப்பு எழவில்லை. அங்குள்ள எலுமிச்சைத்தோல் மதுவான லிமோன்செல்லோவின் பெயரை ஒலிபெயர்த்து அப்படியே எழுதுவதிலும் எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறோம். அது எந்த இனத்து மது என்று சொல்ல வரும்போதுதான் இடறுகிறது. மணமேற்றிச் சர்க்கரை சேர்த்த அந்த மதுவகையை லிக்கியூர் என்று எழுதினால் பலருக்கு விளங்காது. லிக்கர் என்று எழுதினாலோ மதுபானம் முழுவதையும் குறிக்கும் சொல்லோடு குழம்பிவிடும்.

பெயரிடுமுன் பொருளை அது விற்கும் இடத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. நேப்பிள்ஸின் ஸ்பாக்கனாப்போலி என்னும் தெரு, கிரேக்கர் வகுத்த நகரின் மூன்று நெடுந்தெருக்களில் தென்கோடியில் உள்ளது. ஊரை இரண்டாகப் பிளப்பதுபோல் நேர்கோடாக ஓடுவதால்தான் அந்தப் பெயர். இந்தப் பழநகர் 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இருபுறமும் உயர்ந்த வீடுகள் நெருங்கி நிற்பதால் வெயில் தரைக்கு வந்து சேர்வதே அரிது. தரைத்தளத்து ஒற்றையறைக் குடியிருப்புகளின் கதவு நேராகத் தெருவில் திறக்க, உள்ளே விரித்த கட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் போகிறவர் கண்ணில் படும். குறுக்கே பிரியும் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்தில், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான சுடுமண் பொம்மைகள் ஆண்டு முழுவதும் விற்கின்றன. மேய்ப்பர்களுக்கு நடுவே மீன் விற்பவரும் பீட்சா சுடுபவரும் நிற்பார்கள். அங்கிருந்து நாலு கடை தள்ளி, மஞ்சள் குப்பிகள் அடுக்கிய கடை வாசலில், சுவைபார்க்கச் சிறு குவளையில் குளிர்ந்த லிமோன்செல்லோவை நீட்டுகிறார்கள். நாக்கில் முதலில் படுவது இனிப்பு. விழுங்கிய பிறகும் மூக்கில் தங்குவது எலுமிச்சைத் தோலின் மணம். புளிப்பை எதிர்பார்த்துக் குடிப்பவர் ஏமாந்துபோவார், ஏனெனில் பழச்சாறு அதில் சேர்வதே இல்லை.

செய்முறையில்தான் நம் சொல்லுக்கான குறிப்பு இருக்கிறது. நேப்பிள்ஸை அடுத்த சொரெண்டோ, அமால்ஃபி கரைகளில் விளையும் எலுமிச்சை நம்மூர்க் காய்போல் மெல்லிய தோலுடையதன்று. பெரியது, தடித்த தோலுடையது. அவற்றின் பெயர்களுக்கு 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. மேலே உள்ள மஞ்சள் தோலை மட்டும், கசக்கும் வெண்பகுதி ஒட்டாமல் மெலிதாகச் சீவி, ஏறத்தாழ 95 விழுக்காடு வலிமையுள்ள எரிசாராயத்தில் பல நாள் ஊறவிடுகிறார்கள். தோல் வெளுத்து மொரமொரப்பாகிவிடும்; சாராயம் தெளிந்த மஞ்சளாக நிற்கும். அதில் ஆறிய சர்க்கரைப் பாகை ஊற்றியதும் முழுவதும் கலங்கிப் பால்மஞ்சள் ஆகிறது. வலிய சாராயத்தில் கரைந்திருந்த தோலின் எண்ணெய், நீரின் பங்கு கூடியதும் கரைந்திருக்க முடியாமல் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதே காரணம். குப்பிக்கு வரும்போது வலிமை பெரும்பாலும் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் லிக்கியூர் என்ற பெயருக்குப் பொதுவாகக் கேட்பது குறைந்தது 15 விழுக்காடு மதுசாரமும் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும்.

இனி, லிக்கியூருக்காகக் குழுமத்தில் முன்மொழியப்பட்ட சொற்கள். ‘தேறல்’ அழகான சொல். “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” என்று புறநானூறு (56) பாடுவதைக் காட்டி நண்பர் ஒருவர் அதற்காக வாதிட்டார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த யவனர் மதுச்சாடிகளுள் இத்தாலியின் காம்பானியா வட்டாரத்துக் கருமணல் கலந்த மண்ணால் வனையப்பட்டவையும் உண்டு. அந்தக் காம்பானியாவின் தலைநகர்தான் இன்றைய நேப்பிள்ஸ். ஆனாலும் அந்தச் சாடிகளில் வந்தது திராட்சை மது. யவனர் வணிகம் நடந்த காலத்தில் மது காய்ச்சி வடிக்கும் வழக்கமே அவர்களிடம் இல்லை. தேறுதல் என்றால் தெளிதல். பாகு பட்டதும் கலங்குகிற ஒன்றைத் தேறல் என்பது பொருளோடு சண்டையிடும். அந்தச் சொல்லை வைனுக்கே விட்டுவைப்போம்.

‘ஊறல்’ செய்முறைக்கு மிக நெருக்கமானது. எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. ஆனால் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்தித் தலைப்பைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வெல்லமும் வேலம்பட்டையும் நுரைக்கும் பானையைத் தவிர வேறு எது நினைவுக்கு வரும்? அது நொதிப்பு, இது ஊறவைப்பு. ‘மணமது’ என்பதைத் திருமணத்தில் பரிமாறுவது என்று படிக்க இடமிருக்கிறது (அப்படியே படித்துவிட்டுத்தான் ஒருவர் வாழ்த்து அனுப்பினார்). ‘இன்மது’ பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இத்தாலியரின் அமாரோவும் லிக்கியூர் இனத்தில்தான் அடங்கும், அமாரோ என்ற பெயருக்கே கசப்பு என்று பொருள். இனிமையைப் பெயரிலேயே வைத்துவிட்டால் ‘கசப்பு இன்மது’ என்று எழுத நேரும்.

ஆகவே ‘நறவம்’ என்பதை முன்வைக்கிறேன். நறவு என்ற சொல்லுக்குத் தேன், கள், மணம் என்று மூன்று பொருளும் அகராதியில் உண்டு. சர்க்கரை, மது, நறுமணம் மூன்றும் கூடிய ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தம் தேட வேண்டியதில்லை. பழைய நறவு நொதித்த கள்தானே, காய்ச்சி வடித்ததை எப்படிக் குறிக்கும் என்ற மறுப்பு வரும். நறவு வழக்கொழிந்து கிடக்கிறது. வைனுக்கு விட்ட தேறலையோ வழக்கிலுள்ள ஊறலையோ போல் அதற்கு இன்று வேறு வேலை இல்லை. பொறி என்ற பழஞ்சொல் பொறியியலுக்கு இடம் கொடுத்ததுபோல், இதுவும் வரையறுத்த புதுப்பொருளைத் தாங்கும்.

வரையறை இப்படி இருக்கலாம்: பழம், தோல், விதை, மூலிகை போன்றவற்றின் மணம் ஏற்றப்பட்டு, சர்க்கரை சேர்க்கப்பட்ட மதுசாரப் பானம். இதன்படி லிமோன்செல்லோ ‘எலுமிச்சைத்தோல் நறவம்’. பச்சை வால்நட் காயை ஊறவைத்துச் செய்யும் நொச்சீனோ ‘வால்நட் நறவம்’. அமாரோ ‘கசப்பு நறவம்’. பாலேடு சேர்த்துச் செய்யும் வகைக்குப் ‘பால்நறவம்’ என்பதா ‘பாலேட்டு நறவம்’ என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. உணவகப் பட்டியலில் இடம் சிறிது என்பதால் முன்னதன் பக்கம் சாய்கிறேன்; மாற்றுக்கருத்துள்ளவர்கள் வரையறையோடு சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்