காம்பேக் போர்ட்டபிள் 2: இந்தப் பெட்டி முன்பு என்ன வேலை செய்தது?

பழம்பெட்டி:
நண்பர்களுக்கு வணக்கம். மூடப்பட்ட அலுவலகம் ஒன்றின் தளவாட ஏலத்தில் காம்பேக் போர்ட்டபிள் 2 கணினி ஒன்றை வாங்கினேன். 80286 செயலி, 9 அங்குல ஒற்றைநிறத் திரை, 20 எம்பி வன்தட்டு என எல்லாம் 1986-இல் வெளிவந்த அம்மாதிரிக்கு உரியவைதாம். ஆனால் முன்புறத்தில் பெயர்ப்பட்டை ஒன்றை உரித்தெடுத்த பசைத்தடம் இருக்கிறது. உள்ளே, காம்பேக்கின் பெயர் இல்லாத நீண்ட அட்டை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பில் ஒன்பது துளைகள் கொண்ட இணைப்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. இது எதற்காக மாற்றப்பட்ட கணினி?

மின்தச்சன்:
ஒன்பது துளை என்றதும் வண்ணத்திரை அட்டை என்று தோன்றும். ஆனால் வெளித்திரைக்கான அத்தகைய இணைப்பி இம்மாதிரியில் ஏற்கெனவே உண்டு. சீரியல் போர்ட்டாக இருந்தால் துளைகளுக்குப் பதிலாக ஊசிகள் இருந்திருக்கும். ஐபிஎம்மின் டோக்கன் ரிங் வலையமைப்பு அட்டைகளிலும் இதே இணைப்பிதான் வரும். பெரிய சில்லுகளின்மேல் அச்சிட்டுள்ள எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழம்பெட்டி:
டிஎம்எஸ்38010, டிஎம்எஸ்38020, டிஎம்எஸ்38030 என்று இருக்கின்றன. வன்தட்டில் சொற்செயலி எதுவும் இல்லை. டிஆர்சி என்ற பின்னொட்டுடன் சில கோப்புகள் உள்ளன.

வலைஞர்:
அப்படியானால் பெரும்பாலும் ஐயத்திற்கு இடமில்லை. அவை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த டோக்கன் ரிங் சில்லுகள். டிஆர்சி என்பது ஸ்னிஃபர் என்னும் வலையமைப்புப் பகுப்பாய்வுக் கருவி, டோக்கன் ரிங்கில் பிடித்த தரவுப் பதிவுகளுக்கு இட்ட பின்னொட்டு. ஹாரி சால், லென் ஷுஸ்டெக் ஆகிய இருவரும் 1986-இல் தொடங்கிய நெட்வொர்க் ஜெனரல் நிறுவனம், அவ்வாண்டு இறுதியில் இதே காம்பேக் பெட்டிக்குள் தன் அட்டையையும் மென்பொருளையும் வைத்து, ஸ்னிஃபர் என்ற பெயரில் 19,995 டாலருக்கு விற்றது. வெறும் கணினியின் விலையைப்போல் பல மடங்கு!

சாதாரண அட்டை தன் முகவரிக்கு வரும் ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை) மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ஸ்னிஃபரோ கம்பியில் போகும் அனைத்தையும் படியெடுத்து, கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான நெறிமுறைகளின் ஒவ்வொரு அடுக்கையும் படிக்கத்தக்க வரிகளாகப் பிரித்துக் காட்டும். சர்வர் விற்றவரும் மென்பொருள் விற்றவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், தவறு யார் பக்கம் என்பதைத் திரையிலேயே காட்டும் பெட்டிக்கு அந்த விலையைக் கொடுக்க ஆளிருந்தது.

வன்தட்டை அடிக்கடி ஓட்டாமல், முதல் வேலையாக முழுப் படி எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவுகளை வயர்ஷார்க் என்னும் வலையமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள் இன்றும் திறக்கும்.

மின்தச்சன்:
திறந்து பார்த்த பிறகு அவற்றை அப்படியே இங்கே பதிவேற்றிவிட வேண்டாம். அக்கால நெறிமுறைகள் பலவற்றில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமலே சென்றது. யாரோ ஊழியருடைய கடிதமும் கணக்கும் அதில் அகப்பட்டிருக்கக்கூடும். அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்துப் போட்டால் போதும்.