மட்டக்களப்பு நகரப் போக்குவரத்துக்குக் கருத்துக் கேட்கிறார்கள், என்ன எழுதிக் கொடுக்கலாம்?

கல்லடி வாசி:
நகரத்தின் வருங்காலப் போக்குவரத்துக்கு ஆலோசனை இருந்தால் எழுத்தில் தரச் சொல்லி எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. சங்கத்தில் பாதிப் பேர் “வீதியை அகலமாக்கச் சொல்லுங்கள், போதும்” என்கிறார்கள், எனக்கு அது காணாது என்று படுகிறது. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்க வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்கும், 2013இல் புதுப் பாலம் திறந்தபிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது, ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் அதே வாகனமெல்லாம் பாலம் தாண்டி அரசடிப் பக்கம் போய் நெரிபடுகிறது. சைக்கிளில் போகிற பிள்ளைகள் பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பழைய பாலத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே ஒழுங்காக வைத்து, அதிலிருந்து பள்ளிக்கூடங்கள் வரை சைக்கிள் வழி கேட்கலாமா? வேறு என்ன எழுதலாம்?

வரைபட மேசை:
தம்பி, முதலில் எந்த வீதி யாருடையது என்று பிரித்து எழுதுங்கள். கல்லடியால் போகிற ஏ4, திருகோணமலைப் பக்கம் போகிற ஏ15 இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபையுடையவை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதி மாகாணத்திடம், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் டிப்போவிடம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டு ஒரே கந்தோருக்குக் கொடுத்தால் “இது எங்களுக்குரியதல்ல” என்ற பதிலோடு முடிந்துவிடும். பெரும்பாலான நல்ல யோசனைகள் அங்கேதான் செத்துப் போகின்றன.

அடுத்தது, திட்டத்தின் வரைவுப் படம் கையில் இல்லாமல் கருத்துச் சொல்லப் போகவேண்டாம். எந்த இடத்தில் சந்தி மாறுகிறது, எங்கே பஸ் தரிப்பிடம் வருகிறது என்று தெரியாமல் என்ன சொல்வது? தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அப்புறம் ஒன்று, ரயில் பாதை மட்டக்களப்போடு நிற்கிறது, கல்முனை, பொத்துவில் வரை நீட்டும் கோரிக்கை பழையது. அது எப்போது வந்தாலும் சரி, அதற்கான காணியை இப்போதே படத்தில் ஒதுக்காவிட்டால் வீடு வந்துவிடும்.

படுவான்கரை ஆசிரியை:
நகரத்துக் கூட்டம் என்றால் நகரத்தில் வசிப்பவர்களை மட்டும் கூப்பிடுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய குறை. 2014இல் மண்முனைப் பாலம் வரும்வரை, வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் நாங்கள் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் வாவியைக் கடந்தோம். இப்போது பாலம் இருக்கிறது, பஸ் போதாது. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கு வருகிற அம்மாக்கள், மருந்து எடுத்து முடிவதற்குள் பஸ் போய்விடுமோ என்று வரிசையில் நின்றபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விட்டால் ஓட்டோதான், அந்தக் காசு அவர்களுக்கு ஒரு நாள் கூலி. வீதியை எவ்வளவு அகலமாக்கினாலும் இவர்களுக்கு ஒன்றும் மாறாது.

கிழமை நாளில் காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் வயலில் நிற்பவரும் வரமாட்டார், பள்ளிக்கூடத்தில் நிற்கிற நானும் வரமாட்டேன். பின்னேரம் பஸ் நிலையத்தில் ஒரு மேசை போட்டு, காத்து நிற்பவர்களிடம் எங்கே போகிறீர்கள், எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் கரையில் கொக்கட்டிச்சோலையிலும் ஒரு நாள் கேட்கட்டும்.

காத்தான்குடி வியாபாரி:
டீச்சர் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. பிரதான வீதியை அகலமாக்குவது என்றால் கடை முகப்புத்தான் போகும், அதனால் வியாபாரிகள் எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பார்கள். சாமான் இறக்கும் லொறிகளைக் கடை திறக்கும் முன்பே வந்து போக வைத்தால், அகலமாக்காமலே பாதி நெரிசல் குறையும் என்று நான் நம்புகிறேன், அதற்கு நாங்களும் ஒத்துழைப்போம். ஆனால் படம் கீறி முடித்துவிட்டு அறிவிக்க வந்தால் யாரும் ஒத்துவரமாட்டார்கள். கீறும் முன்பே ஊர்ப் பள்ளிவாசல்கள் சம்மேளனத்தையும் கடைக்காரரையும் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, வீதியை உயர்த்தும்போது மதகு. மாரி மழைக்கு ஊர்த் தண்ணீர் வாவிக்கு இறங்க வழி இல்லாமல் வீதி அணைக்கட்டு மாதிரி நின்றால் வீடுகள்தான் தாழும். 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது.

கல்லடி வாசி:
மிக்க நன்றி எல்லோருக்கும். எது யாருடையது என்று பிரித்துத் தனித்தனிக் கடிதமாக எழுதப் போகிறேன், வரைவுப் படத்தையும் கேட்கிறேன். டீச்சர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் பின்னேர பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் பிறகு இல்லை என்று எழுதித் தர முடியுமா? அதையும் கடிதத்தோடு இணைக்கிறேன்.