டெஸ் நாவல்ல பெண் வர்ணனை பத்தி ஹெல்ப் வேணும்

இங்க இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவங்க யாராவது இருக்கீங்களா? செமினாருக்கு தாமஸ் ஹார்டியோட டெஸ் (1891) எடுத்திருக்கேன், தலைப்புக்குக் கீழயே 'தூய்மையான பெண்'னு போட்டு கதாநாயகி டெஸ்ஸுக்காக வக்காலத்து வாங்குற மனுஷன், உள்ள முதல் பகுதிக்கு 'கன்னி', ரெண்டாவதுக்கு 'இனி கன்னி இல்லை'ன்னு பேர் வைக்கிறாரு, லண்டன்ல முன்னபின்ன தெரியாத ஒருத்தியோட ரெண்டு நாள் இருந்துட்டு வந்து அவளைக் கட்டிக்கிற ஏஞ்சலுக்கு மட்டும் அப்படி ஒரு லேபிளும் கிடையாது! அவ வாயையும் உதட்டையும் வேற திரும்பத் திரும்ப வர்ணிக்கிறாரு, எரிச்சலா வருது. இது ஹார்டியோட பார்வையா, இல்ல அவளைச் சுத்தி இருக்குற ஆம்பளைங்க பார்வையத்தான் காட்டுறாரா? எனக்கு முதலாவதுதான்னு தோணுது, கைடு ஒத்துக்க மாட்டேங்குறாங்க. இதப் பத்தி நல்ல கட்டுரை, புக் எது தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ், தமிழ்ல இருந்தா இன்னும் சந்தோஷம்.