வீடமைப்பு ஆய்வாளர் வலையமைப்பில் சேர்தல்: கார்ட் மறுக்கப்படுது, பெயர்ப் பெட்டியும் குழப்பம்

ஒலுவில்_ஆய்வு:
அம்பாறைக் கரையோரத்தில் சுனாமிக்குப் பின் நடந்த மீள்குடியேற்ற வீடமைப்புப் பற்றி எம்.ஃபில் செய்றேன். ஐரோப்பிய வீடமைப்பு ஆய்வு வலையமைப்பில் (ஈ.என்.எச்.ஆர்.) தனிநபர் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் நிரப்பினேன். டெபிட் கார்ட் மறுக்கப்படுது, ஓ.டி.பி.யும் வரல்ல. குடும்பப் பெயர் கட்டாயம் என்று வேறு கேட்குது. எனக்கு வாப்பாட பெயரும் என் பெயரும்தான். என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
முதலில் கார்ட். நம்ம வங்கிகள் பலதில் வெளிநாட்டுக் கட்டணம் பூட்டித்தான் இருக்கும். வங்கி ஆப்பில் இணையக் கொள்வனவு, வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று இரண்டு அனுமதி தனித்தனியாக இருந்தால் இரண்டையும் திறக்க வேணும். ஒன்றை மட்டும் திறந்தால் இப்படித்தான் மறுக்கும். நாளாந்த உச்ச வரம்பு ரூபாயில் இருக்கும், யூரோவை மாற்றிப் பார்த்து அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்க. ஓ.டி.பி. வராததற்கு அநேகமாகக் காரணம் பழைய சிம் இலக்கம்தான். கிளைக்குப் போய் இலக்கத்தை மாற்றாமல் திரும்பத் திரும்ப முயலாதீங்க, மோசடி என்று எண்ணிக் கார்டையே நிறுத்திடுவாங்க.

பல்கலைக்கழகம் காசு கட்டுவதென்றால் வழி வேற. வலையமைப்பின் செயலகத்திடம் முன்விலைப்பட்டியல் கேட்டு வாங்கி நிதிப் பிரிவுக்குக் கொடுங்க. வங்கிப் பரிமாற்றப் படிவத்தில் கட்டணத்தை ‘ஓ.யூ.ஆர்.’ (வங்கிக் கட்டணம் எல்லாம் அனுப்புபவருக்கே) என்று போடுங்க. ‘எஸ்.எச்.ஏ.’ (இரு பக்கமும் பகிர்வது) என்றால் இடையில் உள்ள வங்கி தன் பங்கைக் கழித்துவிடும். அங்கே போய்ச் சேர்வது சில யூரோ குறையும், உறுப்புரிமை அப்படியே தொங்கி நிற்கும். விலைப்பட்டியல் இலக்கத்தைக் குறிப்பில் எழுதாவிட்டால் யாருடைய காசென்று அவங்களுக்குத் தெரியாது.

மட்டு_நகரமைப்பு:
பெயர் விசயத்தை இலேசாக எடுக்க வேணாம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கோ, அதையே எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்க. முதலெழுத்தை மட்டும் குடும்பப் பெயராகப் போட்டால் பிறகு மாநாட்டு அழைப்புக் கடிதத்திலும் அதுவே வரும். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் கடிதத்துப் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒத்துப்போகாமல் மாட்டுப்படுவீங்க. ஓர்கிட் இலக்கம் (ஆய்வாளருக்கான சர்வதேச அடையாள எண், 16 இலக்கம், இலவசம்) எடுக்கும்போதும் அதே பெயர். கட்டுரைகளில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஓர்கிட்டில் ‘வேறு பெயர்கள்’ பகுதியில் சேர்த்துவிடலாம்.

மின்னஞ்சல் பல்கலைக்கழகத்தினுடையதாக இருந்தால் மாணவர் கட்டணத்துக்கு அத்தாட்சியாக உதவும். ஆனால் படிப்பு முடிந்ததும் அது மூடப்படும், கணக்கும் கையை விட்டுப் போகும். சொந்த மின்னஞ்சலை இரண்டாவதாகச் சேர்த்து வையுங்க.

கல்லடி_வாசகர்:
காசு கட்டும் முன் ஒன்று யோசியுங்க: உங்கட தலைப்புக்கு இதுதான் பொருத்தமா? ஈ.என்.எச்.ஆர். 1988இல் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவங்களும் சேரலாம். அதன் உயிர் பணிக்குழுக்களில்தான் இருக்கு. பட்டியலைப் பார்த்து உங்கட கேள்விக்கு நெருக்கமான ஒன்றையோ இரண்டையோ தெரிந்து, அதன் ஒருங்கிணைப்பாளருக்கு ஐந்தாறு வரியில் எழுதுங்க. அதைச் செய்யாத உறுப்புரிமையால் பெரிய பிரயோசனம் இல்ல.

சர்வதேச சமூகவியல் சங்கத்தின் 43ஆம் ஆய்வுக்குழு வீடமைப்புக்கும் கட்டிடச் சூழலுக்கும் உரியது. அந்தச் சங்கம் நாட்டின் பொருளாதாரத்தைப் பார்த்து ஏ, பி, சி என்று கட்டணம் பிரிக்கிறது, ஒரு தடவை கட்டினால் 4 ஆண்டு. ஆய்வுக்குழுவுக்குத் தனிக் கட்டணம், அதை மறந்துவிடாதீங்க. நம்ம நாட்டு ஆய்வாளருக்கு இது கைக்கடக்கமான வழி என்பது என் எண்ணம். ஆசிய பசிபிக் வீடமைப்பு ஆய்வு வலையமைப்பும் இருக்கு, மாநாடு நமக்கு ஓரளவு கிட்ட நடக்கும்.

அறிமுக வரிகளில் ‘இலங்கையில் சுனாமி வீடுகள்’ என்று பொதுவாக எழுத வேணாம். கிழக்கில் 200 மீற்றர் கடலோரத் தடை வலயம் முதலில் வந்து பிறகு தளர்த்தப்பட்டது, அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கினால் பகிரப்படாமல் கிடந்தது என்று இடத்தோடு எழுதினால்தான் அங்கிருப்பவருக்கு உங்கட கேள்வி பிடிபடும். காணி, இனம், பயனாளித் தெரிவு மூன்றும் ஒரே இடத்தில் முட்டுவது நுரைச்சோலையில். இதை அவங்களுக்கு விளங்கப்படுத்த நம்மை விட்டால் வேறு ஆளில்லை.

ஒலுவில்_ஆய்வு:
நன்றி. வெளிநாட்டு அனுமதியைத் திறந்தேன், சிம் இலக்கமும் மாற்றியாச்சு. கட்டணம் போயிற்று. இன்னொன்று: மாநாட்டுக்கான ஆய்வுச் சுருக்கத்துக்கு இறுதி நாள் மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 11.59 என்றிருக்கு. நமக்கு எத்தனை மணி?

வாவிக்கரை:
குளிர்காலம் என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4.29, கோடை நேரம் தொடங்கிவிட்டால் 3.29. மார்ச் கடைசி ஞாயிறில் மாறும். கடைசி இரவில் மின்சாரத்தையும் சிக்னலையும் நம்ப வேணாம், இரண்டு நாள் முந்தியே ஏற்றிவிட்டு உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று ஸ்பாம் பெட்டியிலும் பாருங்க.